ஈரத் தரையில் வழுக்கினால் இழப்பீடு உண்டா?

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் துடைத்த ஈரம் காயாத தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை. இழப்பீடு கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். முதலில் சிசிடிவி பதிவு. பழையதன் மேல் புதியது பதிந்து அழிந்துவிடும். தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி இன்றே விரைவுத் தபால் அனுப்புங்கள், ரசீது பத்திரம். கடை பில்லையும் உடனே ஜெராக்ஸ் எடுங்கள். அந்தத் தாளில் எழுத்து மங்கிவிடும். நீங்கள் நுகர்வோர் என்பதற்கு அதுதான் சான்று. மருத்துவமனைப் பதிவேட்டில் வெறுமனே 'கீழே விழுந்தார்' என்றிருந்தால் போதாது, 'கடையில் வழுக்கி' என்றிருக்க வேண்டும். சிகிச்சைச் செலவு, இழந்த சம்பளம், வலி மூன்றையும் கணக்கிட்டு நோட்டீஸ் விடுங்கள். பதில் வராவிட்டால் 2 ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.