இமை இறங்கினால் கழுத்தை ஏன் பார்க்கிறார்கள்?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குச் செல்லும் என் அண்ணனுக்குச் சில மாதங்களாக இடது மேல் இமை சற்று இறங்கியிருக்கிறது, பார்வையில் குறையில்லை. சேலத்தில் கண் மருத்துவரிடம் காட்டியபோது, கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இது வீண் செலவுதானே என்று வீட்டில் தயங்குகிறார்கள்.
- வாசகி, ஏற்காடு

பதில்: வீண் செலவு அல்ல, தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள். கண்பாவையை விரிப்பதிலும் மேல் இமையைத் தூக்கிப் பிடிப்பதிலும், நம் விருப்பமின்றித் தாமாகவே இயங்கும் பரிவு நரம்புகளுக்குப் பங்குண்டு. மூளையின் ஹைப்போதலாமஸில் தொடங்கும் அந்த நரம்புப் பாதை, கழுத்துத் தண்டுவடத்தின் வழியே மார்பின் மேற்பகுதி வரை இறங்கி, அங்கே வெளியேறி, நுரையீரலின் உச்சியை ஒட்டிச் சென்று, கழுத்து வழியே தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியோடு மேலேறிக் கண்ணை அடைகிறது. இதில் எங்கே பழுது நேர்ந்தாலும் இமை இறங்கலாம், பாவை சுருங்கலாம், முகத்தின் அந்தப் பக்கம் வியர்வை குறையலாம். 1869இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து கண் மருத்துவர் ஹார்னரின் பெயராலேயே இன்றும் இது வழங்குகிறது.

பகல் வெளிச்சத்தில் இரு பாவைகளும் சுருங்கியிருப்பதால் வேறுபாடு எளிதில் தெரியாது. மாலையில் அறை விளக்கைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்: நல்ல கண்ணின் பாவை உடனே விரியும், மற்றது சில நொடிகள் பின்தங்கும்.

இன்னொன்றையும் அண்ணனிடம் அவசியம் கேளுங்கள். அடுப்பிலோ சூடான டம்ளரிலோ கை பட்டுக் கொப்புளம் வந்தும் வலி தெரியாமல் போனதுண்டா? அந்த நரம்புப் பாதை செல்லும் தண்டுவடத்தின் நடுவே நீர் தேங்கிக் குழிவு உண்டாகும் சிரிங்கோமைலியாவில், தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது. காய்ப்பேறிய கை என்று உழைப்பாளிகள் இதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை. அப்படி நேர்ந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்கேன் கழுத்தோடு நின்றுவிடாமல் மார்பின் மேற்பகுதியையும் காட்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் நுரையீரல் உச்சியையும் பார்த்தாக வேண்டும்.

கழுத்தைப் பார்க்க வைக்கும் வேறு கண் அறிகுறிகளும் உண்டு. கண்விழிகள் தாமாகவே கீழ்நோக்கித் துடிப்பது, மண்டையோடும் கழுத்தும் சேருமிடத்துக் கோளாறைக் காட்டக்கூடும். பார்வை நரம்பு அழற்சியோடு கால்கள் வலுவிழந்தால், பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் ஒருசேரத் தாக்கும் நோயைத் தேட வேண்டும். உங்கள் அண்ணனிடம் இவை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

இமை இறங்குவதற்குத் தசைத்தளர்ச்சி போன்ற வேறு காரணங்களும் உண்டு; ஆகவே முடிவு தெரியும் முன்பே அஞ்ச வேண்டாம். ஆனால் திடீரென இமை இறங்கி, கூடவே கழுத்து வலியும் வந்தால், அது கரோட்டிட் தமனியின் உட்சுவர் கிழிந்ததாக இருக்கலாம். அன்றே மலையிறங்கி அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும். ஸ்கேன் முடிவு வரும்வரை, முடிதிருத்தும் கடையில் கழுத்துக்குச் சொடக்கெடுக்கக் கண்டிப்பாக விடாதீர்கள்.