12 வோல்ட் சொலினாய்டு (கம்பிச் சுருளால், அதாவது காயிலால், ஆன மின்காந்தம்) பூட்டு கை வைக்க முடியாதபடி சுடுகிறது. வோல்டேஜைக் குறைத்தால் இழுக்க மறுக்கிறது. என்ன செய்யலாம்?

உங்கள் காயிலில் பழுது எதுவும் இருக்காது. கதவுப் பூட்டுக்கென்று விற்கும் சின்ன சொலினாய்டுகளில் பல, சில வினாடி இழுத்துவிட்டு ஓய்வெடுக்க வேண்டியவை. நீங்கள் அதை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

மல்டிமீட்டரில் காயிலை அளந்து பாருங்கள். 15 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் 0.8 ஆம்பியர், அதாவது 9.6 வாட். பிளஞ்சர், அதாவது காயில் இழுக்கும் இரும்புத் தண்டு, உள்ளே போய் நின்ற பிறகு அத்தனையும் சூடுதான். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை டப்பாவுக்குள் போட்டு மூடிய மாதிரி.

பிளஞ்சர் வெளியே இருக்கும்போது நடுவில் காற்று இடைவெளி இருக்கிறது. அதைத் தாண்டி இழுக்கத்தான் முழு மின்னோட்டம் வேண்டும். இடைவெளி மூடியதும் காந்தப் பிடி பல மடங்கு கூடிவிடும், கொஞ்சம் மின்னோட்டமே போதும். வோல்டேஜைப் பாதியாக்கினால் சூடு கால்வாசி ஆகிவிடும். நீங்கள் செய்த தவறு குறைத்தது அல்ல, முதலிலேயே குறைத்தது.

நான் செய்வது இது: ஒரு மாஸ்ஃபெட் (மின்னணு ஸ்விட்ச்) வழியாக 200 மில்லி வினாடி முழு 12 வோல்ட், அப்புறம் 40 சதவீத பிடபிள்யூஎம், அதாவது வேகமாக ஆன்-ஆஃப் செய்து 40 சதவீத நேரம் மட்டும் மின்சாரம் கொடுப்பது. சூடு ஒன்றரை வாட்டுக்கு இறங்கிவிடும். அதிர்வெண்ணை 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் காயில் கொசு மாதிரி ரீங்காரமிடும். 40-இல் பிடி தளர்ந்தால் 50 வைத்துப் பாருங்கள். காயிலுக்குக் குறுக்கே, எதிர்த்திசையில், வேகமான ஒரு ஷாட்கி டையோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை அணையும்போதும் எழும் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும். பிடபிள்யூஎம்மும் ஒழுங்காகப் பிடிக்காது. மாஸ்ஃபெட்டை இயக்கும் புரோகிராம் முழு ஆனில் உறைந்துபோகும் நாளும் வரும். அதற்காகக் காயிலோடு ஒட்டி சூடு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு தெர்மல் ஃபியூஸ் போட்டுவிடுங்கள்.

இவ்வளவும் டிசிக்கு மட்டும். ஏசி காயில் வேறு ஜாதி. ஒருமுறை தண்ணீர் வால்வின் 230 வோல்ட் காயிலைத் தனியாகக் கழற்றி, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று மேசைமேல் வைத்துக் கரண்ட் கொடுத்தேன். உள்ளே இரும்பு இல்லாததால் தூண்டல் (ஏசி மின்னோட்டத்தைத் தடுக்கும் காயிலின் குணம்) குறைந்து, மின்னோட்டம் எகிறிவிட்டது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் அறை முழுக்கப் பொசுங்கல் நாற்றம். பிளஞ்சர் துருவேறிப் பாதியில் சிக்கினாலும் இதே கதைதான். அதனால் ஏசி வால்வு திரும்பத் திரும்பக் காயிலை எரித்தால், புதுக் காயில் வாங்கும் முன் பிளஞ்சரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.