எந்த வேனுக்குச் சொல்வது? ஒருங்கமை சமன்பாடு (இரண்டு சமன்பாட்டை ஒன்றாகத் தீர்ப்பது): கேள்வி பதில்

கேள்வி (நுவரெலியா): சேர், கண்டியில் கல்யாணம். ஒரு வேன்காரர் முதலில் 3000, பிறகு கிலோமீற்றருக்கு 100 என்கிறார். மற்றவர் கிலோமீற்றருக்கு 150 மட்டும். யாருக்குச் சொல்வது?

பதில்: காசு = 3000 + 100 × தூரம், மற்றது காசு = 150 × தூரம். சமப்படுத்தினால் 60 கிலோமீற்றர், அங்கே இரண்டு பேருக்கும் 9000. இந்த இடத்தில் பேனையை வைத்துவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம், ஆனால் 60 விடையில்லை, நீங்கள் அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் விடை. கண்டிக்குப் போய்வர 150 என்று வையுங்கள், முதலாமவருக்கு 18,000, மற்றவருக்கு 22,500. முதலாமவருக்கே சொல்லுங்கள்.

கேள்வி (ஹட்டன், சாதாரண தர மாணவி): இரண்டு ஆட்டோவும் கிலோமீற்றருக்கு 120, ஒருவர் மட்டும் முதலில் 500 கூடக் கேட்கிறார். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிற நீக்கல் முறையில் 0 = 500 வருகிறது. பிழையா?

பதில்: பிழையில்லை மகள். படித்திறன் (கோட்டின் சரிவு, இங்கே 120) ஒன்று, வெட்டுத்துண்டு (தொடக்கக் காசு) வேறு, ஆகவே ஒன்றையொன்று வெட்டாத சமாந்தரக் கோடுகள். எவ்வளவு தூரம் போனாலும் அவருக்கு 500 கூடத்தான்.

கேள்வி (தலவாக்கலை): 20 கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி, 1350 என்று வையுங்கள், மேலதிக கிலோவுக்கு 50, குறைந்தால் அரைப்பேர். கைக்காசு, அதாவது பேர் போடாமல் கிலோக்கணக்கில் கூலி, என்றால் எல்லாக் கிலோவுக்கும் 65. எது லாபம்?

பதில்: இதுதான் நல்ல கணக்கு அக்கா. 20க்கு மேலே பேர்க்கணக்கு 350 + 50 × கிலோ, கைக்காசு 65 × கிலோ, இரண்டும் வெட்டுவது 23 கிலோ சொச்சத்தில். ஆனால் அந்தக் கோடு 20க்குக் கீழே செல்லாது, அங்கே அரைப்பேர் 675தான், 19 கிலோவுக்குக் கைக்காசில் 1235 வரும்போது! ஆக, பிடித்தம் எதையும் பார்க்காமல் கூலியை மட்டும் பார்த்தால் 20க்கும் 23க்கும் இடையில்தான் பேர் லாபம்.

அப்புறம், கைக்காசுக்குச் சேமலாப நிதி (ஈ.பி.எப்.) சேராது என்றால் கதை மாறும். பேருக்கு முதலாளி பக்கம் சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதி (ஈ.டி.எப்.) 3 வீதம், 1350க்கு 202.50 ரூபா. உங்களிடம் பிடிக்கிற 8 வீதமும் உங்கள் காசுதான், அது 1350க்குள்ளேயே இருக்கிறது. முதலாளி போடுகிற 202.50ஐக் கூட்டினால் வெட்டும் புள்ளி 36 கிலோவைத் தாண்டிவிடும். 20க்கும் 36க்கும் இடையில் தேறுகிற நாளில் பேருக்கே போங்கள், 20 தேறாது என்று மலையைப் பார்த்தாலே தெரிகிற நாளில் கைக்காசு. சாக்குக்கும் ஈரத்துக்கும் நிறுவையில் கழிக்கிறார்களே, அதைக் கழித்த கிலோவைத்தான் போட வேண்டும்.