ஹை பிரஷர் அலாரம் அடித்தால் முதலில் எங்கே பார்ப்பது?

வென்டிலேட்டரில் பீக் பிரஷர் (மூச்சு உள்ளே போகும்போது எட்டும் உச்ச அழுத்தம்) 45 cmH₂O-ஐத் தொட்டு அலாரம் விடாமல் அடித்தது, சீனியர் வரும்வரை கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். திரையை விடுங்கள், முதலில் நோயாளியைப் பாருங்கள். நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறுகிறதா? சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்கினால் யோசிக்கவே வேண்டாம்: ஆளைக் கூப்பிட்டு, வென்டிலேட்டரைக் கழற்றி, 100% ஆக்சிஜனோடு ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) போடுங்கள். பேக் இலகுவாக அமுங்கினால் கோளாறு பெரும்பாலும் மெஷினிலோ, அதை நோயாளியோடு இணைக்கும் குழாய்களான சர்க்யூட்டிலோதான்.

நிலையாக இருந்தால் நிதானமாகத் தேடலாம். மூச்சுக்குழாயில் போட்ட டியூபைக் கடிக்கிறாரா, எங்காவது மடங்கியிருக்கிறதா, சர்க்யூட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? சக்‌ஷன் கதீட்டர் (சளி உறிஞ்சும் மெல்லிய குழாய்) பாதியில் முட்டினால் சளி அடைப்பைச் சந்தேகியுங்கள். அப்புறம் இன்ஸ்பிரேட்டரி ஹோல்ட் கொடுத்து (மூச்சு உள்ளே போனதும் சற்று நிறுத்தி) பிளாட்டோ, அதாவது காற்று ஓட்டம் நின்றபோது உள்ள அழுத்தம், பாருங்கள். பீக் 45, பிளாட்டோ 22 என்றால் சிக்கல் காற்றுப்பாதையில்: சளி, வீசிங். இரண்டுமே ஏறியிருந்தால் நுரையீரல் விறைத்திருக்கலாம், டியூப் வலது நுரையீரல் பக்கம் இறங்கியிருக்கலாம், நியூமோதொராக்ஸாகவும் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) இருக்கலாம். ஒரு பக்கம் மூச்சொலி இல்லை, பிபியும் விழுகிறது என்றால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அலாரம் லிமிட்டை ஏற்றி அதன் வாயை மூடுவது மட்டும் வேண்டாம் (அப்படிச் செய்கிற சீனியர்களும் உண்டு). டியூப் எத்தனை சென்டிமீட்டரில் கட்டியிருக்கிறது என்று ஷிப்ட் தொடங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். நகர்ந்திருக்கிறதா என்று நடுராத்திரியில் ஊகிக்க வேண்டியிருக்காது.