ஜூலு போர்ப் பதக்கம்: முதலில் விளிம்பைப் படியுங்கள்

கேள்வி: லண்டனில் ஒரு பழம்பொருள் சந்தையில், தென்னாப்பிரிக்காவில் 1879இல் பிரிட்டிஷாருக்கும் ஜூலு மக்களுக்கும் நடந்த ஜூலு போருக்காக வழங்கப்பட்ட பிரிட்டிஷ் வெள்ளிப் பதக்கம் ஒன்றைப் பார்த்தேன். விளிம்பில் 24ஆம் காலாட்படை வீரர் ஒருவரின் பெயரும், ரிப்பனுக்குக் கீழுள்ள பட்டையில் '1879' என்றும் இருக்கின்றன. ஜூலு படை பிரிட்டிஷாரைத் தோற்கடித்த இசண்டல்வானா சண்டையில் இறந்தவருடையது என்று கடைக்காரர் பெரிய விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். எனக்கு நெருடுவது அந்த '1879'தான். 24ஆம் படையின் இரு பட்டாலியன்களும் அதற்கு முன்பே தென்னாப்பிரிக்காவின் கேப் எல்லைப் போரில் ஈடுபட்டிருந்தன. அதனால் 1879 ஜனவரி 22 அன்று இசண்டல்வானாவில் மடிந்த அந்தப் படையினரில் பெரும்பாலோருக்கு உரிய பட்டை '1877-8-9' (போரில் இருந்த ஆண்டுகள்: 1877, 1878, 1879). '1879' மட்டும் உள்ளவை பெரும்பாலும் அந்தப் பேரிழப்புக்குப் பின் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டவர்களுடையவை. பட்டையைக் கழற்றி மாற்றியிருக்கவும் கூடும்.

அடுத்து விளிம்பு. இந்தப் பதக்கம் அரிதானதல்ல. கேட்கும் விலை முழுவதும் அந்தப் பெயருக்குத்தான். ஆகவே மோசடியும் பெயரில்தான் நடக்கும். வேறொருவரின் பெயரை அரத்தால் ராவிவிட்டுப் புதுப்பெயரைச் செதுக்குவார்கள். ராவினால் வெள்ளி குறையும். பதக்கத்தின் விட்டம் 36 மி.மீ.; வெர்னியர் அளவியால் நான்கைந்து திசைகளில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள். விக்டோரியா அரசியின் முகம் தேய்ந்திருக்க, எழுத்துகள் மட்டும் கூர்மையாக நின்றால் அதுவும் நல்ல அறிகுறியல்ல. பெயருடன் படை எண்ணும், முதல் பட்டாலியனா இரண்டாவதா என்பதும் இருக்க வேண்டும். பின்புறத்தில், தலை தாழ்த்திய சிங்கத்தின் கீழே ஜூலு கேடயமும் ஈட்டிகளும் இருக்கும். அங்கே '1853' என்றிருந்தால் அது முந்தைய போர்களுக்கான பதக்கம்.

பிறகு லண்டனில் கியூ என்ற பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். டபிள்யூ.ஓ. 100 என்ற வரிசையில் பதக்கப் பட்டியல்கள் இருக்கின்றன. எண், பெயர், பட்டை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். போலி செய்பவரும் அதே பட்டியலைப் படித்திருப்பார். விளிம்பும் பட்டியலும் சேர்ந்து சாட்சி சொன்னால்தான் வாங்கலாம்.

ரிப்பன் புதிதாக இருப்பது குற்றமில்லை. ஆனால் வெள்ளியை மெருகேற்றாதீர்கள். ஒவ்வொரு துடைப்பிலும் பெயரின் எழுத்து கொஞ்சம் அழியும்.

ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். எதிரணியிலும் வீரத்துக்கு அடையாளம் இருந்தது: ஜூலு வீரர்கள் 'இசிக்கு' எனும் மரமணி மாலையை அணிந்தார்கள். அதில் பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லை. யாருடையது என்று இன்று எந்த விளிம்பிலும் தேட முடியாது. பெயருள்ள பதக்கத்தைச் சேகரிக்கும்போதெல்லாம் அந்தப் பெயரற்றவர்களும் என் நினைவுக்கு வருகிறார்கள்.

கடைக்காரரிடம், 'பெயர்ப் பொறிப்பு அசலானது. தவறெனில் பணம் திருப்பித் தரப்படும்' என்று ரசீதில் எழுதிக் கேளுங்கள். மறுத்தால் பதக்கத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.