மலைநாட்டு ஈரத்தில் செமி ஓட்டோமெட்டிக் துவக்கு எங்கே சிக்கும்?

கேள்வி: வெளிநாடுகளில் தாரா வேட்டைக்குப் பிடிக்கும் 12 போர் செமி ஓட்டோமெட்டிக் (ஒவ்வொரு வெடிக்கும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் துவக்கு), நுவரெலியா மாதிரி இடத்தில் நீண்டகாலம் நின்றுபிடிக்குமா?

நின்றுபிடிக்கும். இங்கே அதைக் கெடுப்பது வெடிகளின் எண்ணிக்கையைவிட மூடுபனிதான். (நம் நாட்டில் பெரும்பாலான பறவைகளைச் சுடுவது 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பராமரிப்பை மட்டும் சொல்கிறேன்.)

இவ்வகைத் துவக்குகளான ரெமிங்டன் 1100, பெனெல்லி எம்2 இரண்டிலும் போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் இரும்புத் துண்டை) முன்தள்ளும் ஸ்பிரிங் பின்கட்டைக்குள் ஒரு குழாயில் இருக்கிறது. நனைந்த துவக்கை வாய் மேலே பார்க்கச் சாத்திவைத்தால் தண்ணீர் நேரே அங்கேதான் இறங்கும். துரு ஏறியதும் போல்ட் மந்தமாகி, கடைசி சில மில்லிமீட்டர் மூடாமல் நிற்கும். வெளியே பளபளப்பாக இருப்பதால் பழி தோட்டாமேல் விழும். தோட்டா அறையும் மகசினும் (அடுத்த தோட்டாக்கள் நிற்கும் குழாயும்) வெறுமை என்று உறுதிசெய்து, கட்டையைக் கழற்றி, ஸ்பிரிங்கைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். அது அழுத்தத்தில் இருக்கும், தெறிக்கும், முகத்தை விலக்குங்கள். எண்ணெய் மெல்லிய படலமாக மட்டும் இருக்கட்டும். கூடினால் கரியோடு குழைந்து பசையாகிவிடும்.

1100 வெடிமருந்து எரியும்போது வரும் காஸில் இயங்குவது. மகசின் குழாய்மேல் உள்ள ரப்பர் வளையத்தில் வெடிப்பு விழுந்தால் காஸ் கசிந்து, வெற்றுக்கூடு வெளியேறாமல் சிக்கும். மலிவான சாமான், ஒன்றிரண்டு கையிருப்பில் வேண்டும்.

எம்2 காஸில் இயங்காது, அதனால் கரித் தொல்லை குறைவு. ஆனால் போல்ட்டைக் கையால் மெல்ல மூடினால், அதன் முனையில் சுழன்று பூட்டும் பகுதி முழுதாகச் சுழலாது. விசையை இழுத்தால் 'கிளிக்' மட்டும்தான். போல்ட்டை முழுதாகப் பின்னிழுத்துக் கையை விட்டுவிடுங்கள், அது தானே பாய்ந்து மூடட்டும்.

துணியுறைக்குள் பூட்டி வைக்கவே வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைப்பதே அதுதான்.