பிஎஸ்டி, சன் லேபிள் போட்ட டிஸ்க்கை வேறு ஓஎஸ்ஸில் மாட்டினால் தரவு போய்விடுமா?

மாட்டுவதால் மட்டும் போகாது. மாட்டியதும் திரையில் வரும் பெட்டியில் ‘ஓகே’ அழுத்தினால்தான் போகும். அழுத்தி அனுபவப்பட்டவன் சொல்கிறேன்.

லேபிள் என்பது, டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பிஎஸ்டி, சன் போன்ற யூனிக்ஸ் வகை ஓஎஸ்கள் எழுதிவைக்கும் குறிப்பு, அதாவது பார்ட்டிஷன் டேபிள். விண்டோஸுக்குத் தெரிந்த பார்ட்டிஷன் டேபிள்கள் இரண்டுதான்: பழைய எம்பிஆர், புதிய ஜிபிடி. பிஎஸ்டி லேபிளோ சன் லேபிளோ மட்டும் உள்ள டிஸ்க், அல்லது டேபிளே இல்லாமல் நேரடியாக ஃபைல் சிஸ்டம் போட்ட டிஸ்க் வந்தால், அதைப் பொறுத்தவரை அது காலி டிஸ்க். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்ததும் ‘இனிஷியலைஸ் செய்யவா’ என்று கேட்கும்.

நான் செய்த கூத்து இது. பேக்கப் டிஸ்க்குக்குப் பார்ட்டிஷன் எதற்கு என்று நேரடியாக ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) போட்டு வைத்திருந்தேன். பல மாதம் கழித்து, அப்படிப் போட்டதே மறந்துபோய், வேறு கணினியில் மாட்டி, ஜிபிடி என்று தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்துவிட்டேன். 512 பைட் செக்டர் (டிஸ்க்கின் சிறு துண்டு) கணக்கில் ஜிபிடி, முதல் 34 செக்டர்களையும் கடைசி 33 செக்டர்களையும் எடுத்துக்கொள்ளும். ஈஎக்ஸ்டி4-இன் அமைப்பு விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக் 1024-ஆவது பைட்டில், அதாவது செக்டர் 2-இல் இருக்கிறது. சரியாக அதன் தலையிலேயே விழுந்தது அடி. நல்லவேளை, சூப்பர்பிளாக்குக்கு நகல்கள் உண்டு. 4 கேபி பிளாக் என்றால் முதல் நகல் 32768-ஆவது பிளாக்கில். ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் ஈ2எஃப்எஸ்சிகே-வுக்கு அந்த எண்ணைக் கொடுத்ததும் ஃபைல்கள் திரும்பி வந்தன. அதுவே லினக்ஸின் லக்ஸ்1 என்கிரிப்ஷன் போட்ட டிஸ்க்காக இருந்திருந்தால் கதை முடிந்தது. பூட்டைத் திறக்கும் விவரங்கள் இருக்கும் அதன் ஹெடர் ஒரே பிரதி, அதுவும் டிஸ்க்கின் தொடக்கத்தில். அது போனால் பாஸ்வேர்டு தெரிந்தும் பயனில்லை.

லினக்ஸ், அதன் மையமான கெர்னலில் அந்த வசதி இருந்தால், சன், பிஎஸ்டி லேபிள்களைப் படித்துவிடும். அங்கே வேறொரு பொறி. சன் லேபிளில் ஸ்லைஸ் (பார்ட்டிஷன்) 2, பிஎஸ்டியில் ‘சி’ என்பவை வழக்கமாக முழு டிஸ்க்கையே குறிப்பவை. ஏதோ சும்மா கிடக்கும் பார்ட்டிஷன் என்று அதை ஃபார்மட் செய்தால் மற்ற எல்லாமும் சேர்ந்து போகும்.

அப்புறம், லேபிளில் எந்தக் கோளாறும் இல்லாமலே டிஸ்க் காலியாகத் தெரியலாம். சில யூஎஸ்பி அடாப்டர்கள் 512 பைட் செக்டரை 4096 என்று மாற்றிக் காட்டும். டேபிளில் இருப்பதெல்லாம் செக்டர் எண்கள். கணக்கு எட்டு மடங்கு தப்பிவிடும். அடாப்டரைக் கழற்றிவிட்டு நேரடியாகச் சாட்டா கேபிளில் மாட்டிப் பாருங்கள்.

இப்போதெல்லாம் அறியாத டிஸ்க் வந்தால் லைவ் லினக்ஸில் (இன்ஸ்டால் செய்யாமல் ஓடுவது) மாட்டி, முதலில் பிளாக்டெவ் கட்டளை மூலம் டிஸ்க்கையே ரீட்-ஒன்லி ஆக்கிவிடுகிறேன். மவுண்ட்டை மட்டும் ரீட்-ஒன்லியாகச் செய்தால் போதாது. ஜர்னல் (முடியாத மாற்றங்களின் பதிவு) மிச்சமிருந்தால் ஈஎக்ஸ்டி4 அப்போதும் எழுதும். பிறகு எந்த ஆப்ஷனும் கொடுக்காமல் வைப்எஃப்எஸ் (வைப் என்றால் துடைப்பது) கட்டளையை ஓட்டினால் என்னென்ன அடையாளங்கள் இருக்கின்றன என்று பட்டியல் மட்டும் தரும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதேபோல, பார்ட்டிஷன் போடும் எஃப்டிஸ்க் ‘புதிய டாஸ் லேபிள் (அதாவது எம்பிஆர்) உருவாக்கியாயிற்று’ என்று சொன்னாலும் பதற வேண்டாம். அது மெமரியில்தான் இருக்கிறது. டிஸ்க்கில் எழுதிவிடும் டபிள்யூ பக்கம் கையைக் கொண்டுபோகாமல் க்யூ அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.